கிருத்திகைக்கு முந்திய முதல்: திருத்தணிச் சிறுதொழில்களின் கடனும் வழிகாட்டலும்

1. கேள்வி

சிறுதொழில் தொடங்குவோருக்கும் நடத்துவோருக்கும் இன்று திட்டங்களுக்குப் பஞ்சமில்லை. ஒன்றிய அரசு, மாநில அரசு, வங்கிகள், கூட்டுறவுகள் என நான்கு வாசல்கள் திறந்திருக்கின்றன; ஒவ்வொரு வரவுசெலவுத் திட்டத்திலும் புதிதாக ஒன்று சேர்கிறது. ஆனாலும் தமிழ்நாட்டுக் கடைத்தெருக்களில் தண்டல்காரரின் நடமாட்டம் குறைந்தபாடில்லை. மலிவான கடன் ஏட்டில் இருக்கும்போதே விலையுயர்ந்த கடன் தெருவில் எப்படி நிலைக்கிறது?

இந்தக் கேள்வியைத் திருத்தணி என்னும் ஒரே ஊரை முன்வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். கோயிலை நம்பிய வியாபாரம், சுற்றியுள்ள ஊர்களின் நெசவு, மாநில எல்லை ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் கூடுவதால் திட்டங்களின் பலமும் பலவீனமும் இங்கே துலக்கமாகத் தெரிகின்றன. சட்டங்கள், திட்ட விதிகள், வெளியான ஆய்வு முடிவுகள் ஆகியவையே இங்கு சான்றுகள். கட்டுரை முன்வைக்கும் முடிவு இது: பணம் போதாமையைவிடப் பெரிய தடைகள் இரண்டு உண்டு. கடனின் வடிவம் தொழிலின் காலக்கணக்கோடு பொருந்தவில்லை என்பது ஒன்று. அதைப் பொருத்திக் கொடுக்கக்கூடிய வழிகாட்டி தொழில் நடக்கும் இடத்தில் இல்லை என்பது மற்றொன்று.

2. இதுவரையிலான புரிதல்

சிறுதொழில் கடன் பற்றிய விவாதத்தில் மூன்று விளக்கங்கள் மேலோங்கியுள்ளன.

முதலாவது, பணப் பற்றாக்குறை என்னும் விளக்கம். ரிசர்வ் வங்கி அமைத்த யு.கே. சின்ஹா குழு 2019இல் அளித்த அறிக்கை, குறு, சிறு, நடுத்தரத் தொழில்களின் கடன் இடைவெளியை 20 முதல் 25 லட்சம் கோடி ரூபாய் என மதிப்பிட்டது. தேசிய மாதிரி ஆய்வின் 73ஆம் சுற்று (2015–16) கணக்கின்படி நாட்டில் இத்தகைய நிறுவனங்கள் ஏறத்தாழ 6.34 கோடி, அவற்றில் சுமார் 49 லட்சம் தமிழ்நாட்டில் உள்ளன. 99 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை குறுந்தொழில்கள். 2015 ஏப்ரலில் தொடங்கிய முத்ரா திட்டம் இந்த விளக்கத்தின் வழியில் வந்தது. சிசு, கிஷோர், தருண் என்ற மூன்று படிகளில் 10 லட்சம் ரூபாய் வரை ஈடில்லாக் கடன் அளிக்க அது வகைசெய்தது. 2024இல் உச்சவரம்பு, முந்தைய கடனைச் சரியாகக் கட்டியவர்களுக்கு 20 லட்சமாக உயர்ந்தது.

இரண்டாவது, ஆவணப் பற்றாக்குறை என்னும் விளக்கம். பதிவில்லாத தொழிலை வங்கி காணாது. பதிவைக் கொடுத்தால் கடன் தானாக வரும் என்பது இதன் நம்பிக்கை. 2020 ஜூலையில் வந்த உத்யம் பதிவும், முறைசாராத் தொழில்களுக்காக 2023இல் வந்த உத்யம் உதவித் தளமும் இதன் விளைவுகள்.

மூன்றாவது, திறன் பற்றாக்குறை என்னும் விளக்கம். பயிற்சி கொடுத்தால் தொழில்முனைவர் உருவாவார் என்னும் இக்கருத்தின் மேல்தான் ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களும் தமிழ்நாட்டின் தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனமும் இயங்குகின்றன.

மூன்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால் கள ஆய்வுகள் மூன்றையும் தனித்தனியே எடுத்துக்கொள்ளத் தயங்கவைக்கின்றன. இலங்கையின் தென்பகுதியில் சிறு தொழில் நடத்துவோருக்கு 10,000 அல்லது 20,000 ரூபாய் மானியம் கொடுத்துப் பார்த்த டி மெல், மெக்கென்சி, உட்ரஃப் ஆகியோரின் ஆய்வு (2008), அந்த மூலதனம் மாதத்துக்கு ஏறத்தாழ 5 விழுக்காடு ஈட்டியதாகக் கண்டது. அதாவது சிறு தொழிலுக்குள் போகும் பணம் நன்றாகவே உழைக்கிறது. எனினும் பெண்கள் நடத்திய தொழில்களில் அந்தப் பலன் தென்படவில்லை. இதே தரவுகளோடு இந்திய, கானா நாட்டுத் தரவுகளையும் சேர்த்து 2019இல் மறுபடி பார்த்த ஆய்வு, ஒரே வீட்டில் கணவரும் தொழில் செய்யும்போது மனைவிக்குக் கொடுத்த பணம் கணவரின் தொழிலுக்குத் திரும்பிவிடுவதைக் காட்டியது. ஐதராபாத்தில் பானர்ஜி, டூஃப்லோ முதலியோர் 104 குடியிருப்புப் பகுதிகளில் நடத்திய ஆய்வில் (2015), குறுங்கடன் ஏற்கெனவே உள்ள தொழில்களை ஓரளவு விரிவாக்கியது. வறுமையைப் புரட்டிப் போடவில்லை.

எல்லாவற்றினும் எச்சரிக்கையூட்டுவது கார்லன், முல்லைநாதன், ராத் மூவரும் சென்னையிலும் பிலிப்பைன்ஸிலும் சந்தை வியாபாரிகளிடம் செய்த சோதனை (2019). வியாபாரிகளின் வட்டிக்கடனை ஆய்வாளர்களே முழுதாக அடைத்தார்கள். பெரும்பாலோர் ஆறு வாரங்களுக்குள் மறுபடியும் அதே கடனுக்குத் திரும்பினார்கள். கடனை அடைத்தாலும், கடனை வரவழைக்கும் தேவையின் தாளம் மாறவில்லை என்றே இதைப் படிக்கவேண்டும். அந்தத் தாளம் என்ன என்பதை ஊருக்குள் சென்று பார்ப்போம்.

3. ஊரும் அதன் வருவாய்க் காலங்களும்

அறுபடை வீடுகளில் ஒன்றான திருத்தணி, சென்னையிலிருந்து திருப்பதி செல்லும் நெடுஞ்சாலையிலும் அரக்கோணம்–ரேணிகுண்டா ரயில் பாதையிலும் அமைந்த, திருவள்ளூர் மாவட்டத்து நகராட்சி. மொழிவாரி மாநிலப் பிரிவினையில் ஆந்திரத்துடன் இருந்த திருத்தணி, ம.பொ. சிவஞானம் முதலியோர் முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டத்தின் தொடர்ச்சியாக, எல்லை நடுவர் படாஸ்கரின் பரிந்துரையின் அடிப்படையில் 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. மாற்றாகச் சத்தியவேடு உள்ளிட்ட பகுதிகள் ஆந்திரத்துக்குச் சென்றன. ரயிலில் பொன்பாடியைத் தாண்டினால் ஆந்திரம். அடுத்த வணிக ஊர் நகரி. வாடிக்கையாளர், உறவினர், சரக்கு மூன்றும் எல்லையின் இரு பக்கமும் போய்வரும் ஊர் இது. கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் ஒருங்கே புழங்குகின்றன.

கோயிலை ஒட்டிய வியாபாரத்தின் ஆண்டு ஏறி இறங்குவது. ஆடிக் கிருத்திகைக்கும் அதையொட்டிய தெப்பத்துக்கும் காவடியோடு பெருங்கூட்டம் வருகிறது. டிசம்பர் 31 இரவு படித்திருவிழாவில் 365 படிகளுக்கும் பூசை நடக்கிறது. புத்தாண்டுக் கூட்டம் அதைத் தொடர்ந்து வருகிறது. தைப்பூசமும் பங்குனி உத்திரமும் உண்டு. மாதக் கிருத்திகையும் செவ்வாய்க்கிழமைகளும் சிறிய அலைகள். இடைப்பட்ட நாட்களில் வரத்து மெல்லியது.

பூ, தேங்காய், பூசைப் பொருள், பால்குடம், காவடிக்கான பொருட்கள், விளையாட்டுச் சாமான், சிற்றுண்டி என எதை எடுத்தாலும் முதலீட்டின் பெரும்பகுதி சரக்கிலும் கையிருப்பிலும் இருக்கிறது. எந்திரம் என்று சொல்ல அதிகம் இல்லை. விழாவுக்குச் சில வாரங்கள் முன்பே சரக்கு எடுக்கவேண்டும். விற்ற பணம் விழா முடிந்ததும் கையில் நிற்கும். ஆக, இவர்களுக்குத் தேவையானது குறுகிய காலத்துக்கு, குறித்த நாளில், திரும்பத் திரும்பக் கிடைக்கும் நடைமுறை மூலதனம்.

இடத்தின் உரிமை இன்னொரு சிக்கல். அறநிலையத் துறைக் கோயில்களின் கடைகள் உரிமக் காலத்துக்கு உட்பட்டவை. 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி ஐந்தாண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு ஆணையரின் ஒப்புதல் வேண்டும். கோயில் சொத்தைக் காப்பதற்கு இந்த விதி அவசியமானது; அதை மாற்றச் சொல்வதற்கில்லை. ஆனால் கடைக்காரரின் கையில் வங்கி விரும்பும் நீண்டகால இடச்சான்று இருக்காது என்பது அதன் விளைவு. தரையில் விரித்து விற்பவருக்கு அதுவும் இல்லை.

4. திட்டங்கள் யாரை மனத்தில் கொண்டவை?

இந்தத் தேவையோடு திட்ட விதிகளை ஒப்பிட்டால் பொருந்தாமை தெளிவாகும்.

2008இல் தொடங்கிய பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் உற்பத்திக்கு 50 லட்சம், சேவைக்கு 20 லட்சம் ரூபாய் வரையிலான திட்டங்களை ஏற்கிறது. மானியம் 15 முதல் 35 விழுக்காடு வரை. நகரம், ஊரகம், சமூகப் பிரிவு ஆகியவற்றைப் பொறுத்து மாறும். நல்ல மானியம்தான். ஆனால் எந்திரம், கருவி போன்ற முதலீட்டுச் செலவு இல்லாத திட்டம் இதில் தகுதி பெறாது. மானியமும் கைக்கு வராமல் மூன்றாண்டுகள் வைப்பாக நிற்கும். சரக்கே முதலாக உள்ள ஒரு பூசைப்பொருள் கடைக்கு இந்த வாசல் பொருந்தாது.

மாநிலத்தின் நீட்ஸ் திட்டம் முதல் தலைமுறைத் தொழில்முனைவோரை நோக்கியது. 10 லட்சம் முதல் 5 கோடி ரூபாய் வரையிலான திட்டங்களுக்கு 25 விழுக்காடு முதலீட்டு மானியமும் 3 விழுக்காடு வட்டி மானியமும் தருகிறது. பட்டியல் சமூகத்தினருக்கான அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் (2023) 35 விழுக்காடு மானியமும் 6 விழுக்காடு வட்டி மானியமும் தருவதால், இடப் பின்புலம் இல்லாதவருக்குப் பெரிய ஆதரவு. நீட்ஸ் திட்டத்தின் மையமும் கட்டடம், எந்திரம் கொண்ட தொழிலகமே.

புத்தொழில் என்ற வகை இன்னும் தொலைவில் நிற்கிறது. 2016இல் தொடங்கிய ஸ்டார்ட்அப் இந்தியாவின் அங்கீகாரம் தனியார் நிறுவனம், கூட்டாண்மை போன்ற அமைப்புகளுக்கே உண்டு; தனி ஒருவர் பெயரில் நடக்கும் தொழிலுக்கு இல்லை. புதுமையும் விரிவடையும் வாய்ப்பும் காட்டவேண்டும். மாநிலத்தின் ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்பு டான்சீட் விதை நிதியைத் தருவதும், மதுரை, திருநெல்வேலி, ஈரோடு போன்ற நகரங்களில் வட்டார மையங்கள் திறந்ததும் நல்ல முயற்சிகள். திருத்தணியின் இளைஞர் ஒருவர் யாத்திரிகர் சேவைக்குச் செயலியோ, கோயில் பூக்கழிவிலிருந்து ஊதுபத்தியோ செய்ய முனைந்தால் இந்த வாசல் உண்டு. ஊரின் பெரும்பான்மைத் தொழில்களுக்கு அது வாசல் ஆகாது.

நடைமுறை மூலதனத்துக்கு மிக நெருங்கி வந்தது 2020 ஜூனில் தொடங்கிய சாலையோர வியாபாரிகள் கடனான பிரதமர் ஸ்வநிதி. 10,000, 20,000, 50,000 என்ற படிகளில் தொடங்கி, 2025இல் 15,000, 25,000, 50,000 என மாற்றப்பட்டு, 2030 மார்ச் வரை நீட்டிக்கப்பட்டது. ஒழுங்காகக் கட்டியவருக்கு 7 விழுக்காடு வட்டி மானியம். முந்தைய கடனை முடித்தால் அடுத்த பெரிய கடன் என்ற அமைப்பு, நம்பிக்கையைப் படிப்படியாகக் கட்டும் நல்ல யோசனை. ஆனாலும் வியாபாரச் சான்றோ நகராட்சியின் பரிந்துரைக் கடிதமோ வேண்டும். தவணை மாதந்தோறும் சமமாக வரும். கிருத்திகை மாதத்தில் கை நிறைந்தும் ஐப்பசி மழையில் கை வறண்டும் இருப்பவருக்குச் சமத் தவணை இயல்பானதல்ல.

ஒரே தொழிலுக்கு எல்லையின் இரு புறமும் வெவ்வேறு திட்டங்கள் என்ற நிலையும் உண்டு. 2023 செப்டம்பரில் வந்த ஒன்றிய அரசின் விசுவகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் மாலை கட்டுவோரும் முடிதிருத்துவோரும் அடங்குவர். குலத்தொழிலை நிலைநிறுத்தும் அபாயத்தைச் சுட்டித் தமிழ்நாடு அரசு 2024இல் அதை இருந்த வடிவில் ஏற்க மறுத்தது. குடும்பத் தொழில் நிபந்தனை இல்லாத கலைஞர் கைவினைத் திட்டத்தை 2025 ஏப்ரலில் தொடங்கியது. 3 லட்சம் ரூபாய் வரை கடன், 25 விழுக்காடு மானியம், 5 விழுக்காடு வட்டி மானியம், 35 வயது நிறைவு ஆகியவை அதன் கூறுகள். கொள்கையளவில் மாநிலத்தின் நிலைப்பாடு நியாயமானது. ஆனால் நகரியில் உள்ள உறவினர் விசுவகர்மாவில் கடன் வாங்கியதைக் கேள்விப்பட்டுத் திருத்தணியில் அதையே தேடுபவருக்கு, தன் மாநிலத்தில் உள்ள மாற்று எது என்று எடுத்துச்சொல்ல ஒருவர் வேண்டும்.

5. தண்டல் ஏன் நிலைக்கிறது?

தண்டலின் பரவலான வடிவம் ஒன்றைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 10,000 ரூபாய் கடனில் 1,000 முன்பிடித்தம். கைக்கு வருவது 9,000. நாளுக்கு 100 வீதம் 100 நாட்கள் கட்டவேண்டும். நாளுக்கு நாள் அசல் குறைந்துகொண்டே போவதால், சராசரியாகக் கையில் நிற்கும் அசல் 4,500 ரூபாய் அளவுதான். அதற்கு 100 நாளில் 1,000 ரூபாய் செலவு. ஆண்டுக் கணக்கில் ஏறத்தாழ 80 விழுக்காடு வட்டி ஆகிறது. முன்பிடித்தம் 1,500 ஆனால் இது 120 விழுக்காட்டையும் தாண்டும்.

இந்தக் கொடுமையை அறிந்தும் கடைக்காரர் தண்டலை நாடுவதை அறியாமை என்று தள்ளுவது தவறு. அவர் பார்வையில் கணக்கு வேறு. கேட்ட அன்றே பணம் வருகிறது, கடை வாசலுக்கே வருகிறது, ஆவணம் கேட்பதில்லை, அன்றாட விற்பனையிலிருந்து அன்றாடம் போகிறது, முடித்ததும் மறுபடி கிடைக்கிறது. விழாவுக்கு முந்திய வாரத்தில் கிடைக்காத மலிவுக் கடனைவிட, அந்த வாரத்தில் கிடைக்கும் விலையுயர்ந்த கடன் அவருக்குப் பயன்படுகிறது. அடகுக் கடையும் கூட்டுறவு நகைக்கடனும் ஏலச்சீட்டும் இதே காரணத்தால் நிற்பவை. கந்துவட்டித் தடைச் சட்டம் 2003இலிருந்து இருக்கிறது. கடன் வசூலில் வன்முறையைத் தடுக்க 2025இல் இன்னொரு சட்டமும் வந்தது. சட்டம் கொடுமையைத் தண்டிக்கலாம். அன்றைய தேவையை நிரப்ப அதனால் ஆகாது.

எல்லைக்கு அப்பால் நடந்ததும் இதற்குச் சான்று. குறுநிதி நிறுவனங்களின் வசூல் நெருக்கடியும் தற்கொலைகளும் பேசப்பட்ட 2010 அக்டோபரில் ஆந்திர அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அந்நிறுவனங்களின் கடன் வழங்கல் அங்கே ஏறக்குறைய நின்றுபோனது. கடனைத் தொழிலோடு பொருத்திப் பார்க்காமல் வேகமாகக் கொட்டினால் என்ன நேரும் என்பதையும், திடீரென அடைத்தால் இடைவெளியை யார் நிரப்புவார் என்பதையும் அந்த நிகழ்வு ஒருசேரக் கற்பித்தது.

தவணை வடிவம் சிறு விஷயமன்று. கொல்கத்தாவில் ஃபீல்டு, பாண்டே முதலியோர் நடத்திய ஆய்வில் (2013), முதல் தவணைக்கு இரண்டு வாரத்துக்குப் பதிலாக இரண்டு மாத அவகாசம் பெற்றவர்கள் தொழிலில் அதிகம் முதலிட்டார்கள்; ஏறத்தாழ மூன்றாண்டுகளுக்குப் பின் அவர்கள் இலாபமும் கூடியிருந்தது. நிலுவையும் கூடியது. அவகாசம் தொழிலை வளர்க்கும், கடன் கொடுப்பவரின் இடரையும் வளர்க்கும். இந்த இரண்டையும் சமன்செய்வதே வடிவமைப்பின் வேலை.

6. நெசவு ஊர்களும் எல்லையின் விலையும்

திருத்தணியைச் சுற்றியுள்ள பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம், பள்ளிப்பட்டு, ஆர்.கே. பேட்டை வட்டாரம் நெசவை நம்பியது. எல்லைக்கு அப்பால் நகரி, ஏகாம்பரகுப்பம், புத்தூர் பகுதிகளும் அப்படியே. இங்கே கேள்வி வேறு வடிவம் எடுக்கிறது. தறி பலரிடம் இருக்கிறது, நூல் இல்லை. நூல் முதலாளியிடமிருந்து வருகிறது, நெய்தவர் கூலி பெறுகிறார், துணியும் விலையும் முதலாளியுடையவை. தறி வாங்கக் கடன் கொடுத்தால் தறிகளின் எண்ணிக்கை கூடும். நூல் வாங்க முதல் இல்லாதவரை, புதிய தறியும் அதே கூலிக்கே ஓடும். இரண்டு மாதங்களுக்கு 1,000 அலகு வரை விசைத்தறிக்கு மாநில அரசு தரும் இலவச மின்சாரம் உற்பத்திச் செலவைக் குறைக்கும் அரிய உதவி. கூலி நெசவாளரைச் சொந்த உற்பத்தியாளராக்க அது மட்டும் போதாது. 2017இல் ஒன்றிய அரசு தொடங்கிய பவர்டெக்ஸ் இந்தியாவில் நூல் வங்கி என்ற பிரிவு இருந்தது. நெசவாளர் கூட்டமைப்புக்கு வட்டியில்லாத் தொகுப்பு நிதி தந்து நூலை மொத்தமாக வாங்கச் செய்வது அதன் நோக்கம். சரியான இடத்தைத் தொட்ட யோசனை அது.

சரக்கு மற்றும் சேவை வரி இந்த நிலையை இன்னும் இறுக்குகிறது. 2017 ஜூலையில் வணிகவரிச் சோதனைச் சாவடிகள் அகன்றன. எல்லை மறைந்தது போலத் தோன்றியது. ஆனால் சட்டத்தின் 24ஆம் பிரிவு, மாநிலம் விட்டு மாநிலம் சரக்கு விற்பவர் விற்றுமுதல் எவ்வளவு சிறிதானாலும் பதிவு செய்தாகவேண்டும் என்கிறது. மாநிலத்துக்குள் சரக்கு மட்டும் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் 40 லட்சம் ரூபாய் வரை பதிவு தேவையில்லை. எளிமையான இணக்கவரி முறையைத் தேர்ந்தவரும் வெளிமாநிலத்துக்குச் சரக்கு அனுப்ப முடியாது. கடைக்கு வந்து வாங்கிச்செல்லும் ஆந்திர யாத்திரிகரால் சிக்கலில்லை. அது மாநிலத்துக்குள் நடந்த விற்பனை. அதே பொருளை நகரிக் கடைக்கு அனுப்பி விற்றால் முதல் ரூபாயிலிருந்தே பதிவும் கணக்குத் தாக்கலும் வந்துசேரும்.

நெசவாளருக்கு இதன் பொருள் கடுமையானது. பதிவுபெற்ற வெளிமாநில முதலாளிக்குக் கூலிவேலை செய்து தரும் சிறியவருக்குக் கட்டாயப் பதிவிலிருந்து விலக்கு உண்டு. கைவினைப் பொருட்கள் சிலவற்றுக்கும் வரம்புக்குட்பட்ட விலக்கு உண்டு. சொந்த நூலில் விசைத்தறியில் நெய்த துணியை எல்லை தாண்டி விற்பவருக்கு அந்தச் சலுகை இல்லை. கூலியாக நீடிப்பது எளிது, உற்பத்தியாளராக உயர்வது செலவு என்ற நிலையைச் சட்டமே, எண்ணாமல், உண்டாக்கியிருக்கிறது. சென்னை நடுவில் இருப்பவர் இதை ஆண்டுக்கொரு முறை உணரலாம். எல்லையில் வாழ்பவருக்கு இது அன்றாடச் சுவர்.

7. வழிகாட்டல் என்றால் என்ன?

மேற்கண்ட ஒவ்வொரு சிக்கலுக்கும் விதிகளுக்குள்ளேயே ஓரளவு தீர்வு இருக்கிறது என்பதுதான் கவனிக்கவேண்டியது. நாயக் குழு பரிந்துரையின் வழியில், சிறு நிறுவனத்தின் மதிப்பிடப்பட்ட ஆண்டு விற்றுமுதலில் 20 விழுக்காட்டை நடைமுறை மூலதனக் கடனாக வங்கிகள் அளிக்கலாம். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் விற்கும் கடைக்கு 1 லட்சம் வரை சுழல்கடன் என்பது இதன் பொருள். குறு, சிறு தொழில்களுக்குக் குறித்த வரம்புக்குட்பட்ட கடனுக்கு ஈடு கேட்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் நீண்டநாள் அறிவுறுத்தல். கடன் உத்தரவாத நிதியம் 2000இலிருந்து இருக்கிறது. விற்றுமுதலைக் காட்ட ஏடு இல்லாதவரிடம் இன்று கைபேசிப் பணப்பரிமாற்றத்தின் வரலாறு இருக்கிறது. இவற்றை ஒன்றுசேர்த்து, இந்தக் கடைக்கு இந்தக் கடன், இந்த மாதத்தில், இந்தத் தவணையில் என்று சொல்லும் ஆள்தான் இல்லை.

மாவட்டத் தொழில் மையம் 1978இல் இதற்காகவே உருவானது. தொழில்முனைவருக்குத் தேவையான எல்லாம் ஒரே கூரையின்கீழ் என்பது அதன் மூலக் கருத்து. திருவள்ளூர் மாவட்ட மையம் காக்களூர்த் தொழிற்பேட்டையில் இருக்கிறது. திருத்தணியிலிருந்து போய்வந்தால் கடைக்கு ஒரு நாள் பூட்டு. ஒரே வருகையில் வேலை முடியாவிட்டால் இன்னொரு நாள். இணையவழி விண்ணப்பம் பயணத்தைக் குறைத்திருக்கிறது. எதற்கு விண்ணப்பிப்பது என்ற தீர்மானத்தை அது எளிதாக்கவில்லை.

வழிகாட்டலின் மதிப்பு பற்றி ஆய்வுகள் சொல்வதையும் எடைபோடவேண்டும். வகுப்பறைப் பயிற்சி பற்றிய ஆய்வுகளைத் தொகுத்த மெக்கென்சி, உட்ரஃப் இருவரும் (2014) பலன் மிதமானதே என்றார்கள். கென்யாவின் நைரோபியில் புரூக்ஸ், டோனவன், ஜான்சன் ஆகியோர் (2018) புதிய பெண் வியாபாரிகளுக்கு அதே வட்டாரத்தின் அனுபவமுள்ள வியாபாரியை இணைத்தபோது, இலாபம் சராசரியாக 20 விழுக்காடு கூடியது. எங்கே மலிவாக வாங்குவது போன்ற உள்ளூர் அறிவே உதவியது. இணைப்பு முறிந்ததும் பலன் தேய்ந்தது. வழிகாட்டல் ஒருமுறை கொடுத்து முடிக்கும் பாடமன்று, தொடரும் உறவு என்பதே இதன் பாடம்.

இந்த உண்மையை நம் மாவட்டமே ஒரு நூற்றாண்டுக்கு முன் கண்டது. சென்னை மாகாணத்தில் நில வங்கிகள் பற்றி ஃபிரெடரிக் நிக்கல்சன் 1895இலும் 1897இலும் அளித்த அறிக்கை, ஒருவரையொருவர் அறிந்த சிற்றூர் மக்களின் பரஸ்பரப் பொறுப்பின் மேல் கடன் சங்கங்களைக் கட்டச் சொன்னது. 1904ஆம் ஆண்டுச் சட்டத்தையடுத்து நாட்டின் முதல் தொடக்க வேளாண் கூட்டுறவுக் கடன் சங்கம் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில்தான் அமைந்தது. கடன் வாங்குபவரின் வயலையும் அறுவடைக் காலத்தையும் கடன் கொடுப்பவர் அறிந்திருந்ததே அந்த வடிவின் பலம். பயிருக்குப் பருவக்கடன் என்பதை நாம் இயல்பாக ஏற்கிறோம். விழாவுக்குப் பருவக்கடன் என்று சொன்னால் புதுமையாகத் தோன்றுகிறது. இரண்டுக்கும் தர்க்கம் ஒன்றே.

8. எதிர்வாதங்கள்

மூன்று மறுப்புகளுக்கு விடை சொல்லவேண்டும். முதலாவது, யாத்திரிகர் எண்ணிக்கை கடனால் கூடுவதில்லை; பத்துப் பூக்கடைக்குக் கடன் கொடுத்தால் பதினோராவது கடை முளைத்து இலாபம் பங்குபோகும். இது வலுவான மறுப்பு. அதனால்தான் விழாக்கடனின் இலக்கு புதிய கடைகள் அல்ல. இருக்கும் கடைகளின் வட்டிச்சுமையைக் குறைப்பது. 80 விழுக்காட்டு வட்டி 12 விழுக்காடாகக் குறைந்தால் மிஞ்சுவது குடும்பத்தின் வருமானம். வளர்ச்சிக்கான முதலை நூல் வங்கி போன்ற உற்பத்திப் பக்கத்தில் வைக்கவேண்டும். துணிக்கான சந்தை கோயில் கூட்டத்தோடு முடிவதில்லை.

இரண்டாவது, சிறு கடனை நெருக்கமாகக் கவனிக்கும் செலவு வங்கிக்குக் கட்டுப்படியாகாது. தனித்தனியே என்றால் உண்மை. மகளிர் சுய உதவிக் குழுக்களை வங்கியோடு இணைக்கும் திட்டம் 1992இலிருந்து இந்தச் செலவைக் குழுவின் தோளில் பகிர்ந்து காட்டியிருக்கிறது. அதே வழியில் கடைத்தெரு வியாபாரிகளின் கூட்டுப் பொறுப்புக் குழு அமையலாம். பெண்கள் பெயரில் வாங்கும் கடன் அவர்கள் தொழிலிலேயே நிற்கிறதா என்று குழு கவனிப்பது, மேற்சொன்ன இலங்கை அனுபவத்தின்படி, இன்றியமையாதது.

மூன்றாவது, வழிகாட்டி இடைத்தரகராகிவிடுவார் என்ற அச்சம். கடன் வாங்கித் தருவதாகக் கமிஷன் பிடிப்பவர்களை எல்லாரும் அறிவார்கள். ஆகவே வழிகாட்டிக்கு ஊதியம் விண்ணப்ப எண்ணிக்கையால் வரக்கூடாது. கடன் வாங்கவேண்டாம் என்று சொல்லும் உரிமையும் கடமையும் அவருக்கு இருக்கவேண்டும்.

9. முடிவுரை

சான்றுகளைச் சேர்த்துப் பார்க்கையில் நான்கு மாற்றங்கள் முன்னிற்கின்றன. ஒன்று, ஆனியில் திறந்து ஆடிக் கிருத்திகைக்குப் பின் அடைத்து, மார்கழியில் மறுபடி திறக்கும் சுழல்கடனை, விற்றுமுதலின் 20 விழுக்காடு என்ற விதிக்குள்ளேயே வங்கிகளும் நகரக் கூட்டுறவு வங்கிகளும் வழங்கவேண்டும். இரண்டு, தமிழும் தெலுங்கும் அறிந்த தொழில் வழிகாட்டி ஒருவர், மாவட்டத் தொழில் மையத்தின் பெயரில், திருத்தணி நகராட்சியிலும் நெசவு ஊர்களிலும் வாரக் கிழமை குறித்து அமரவேண்டும். ஓராண்டுக்குப் பின் அந்தத் தொழில் எப்படி இருக்கிறது என்பதே அவர் வேலையின் அளவுகோலாக வேண்டும். மூன்று, நெசவு வட்டாரத்துக்கு எந்திரக் கடனுக்கு முன் நூலுக்கான முதலைக் கொடுக்கவேண்டும். நான்கு, மாநிலம் தாண்டிச் சரக்கு விற்கும் சிறியவருக்கும் ஒரு விற்றுமுதல் வரம்பை அனுமதிக்குமாறு, எல்லையோர மாவட்டங்களின் பெயரில் தமிழ்நாடும் ஆந்திரமும் சேர்ந்து சரக்கு மற்றும் சேவை வரி மன்றத்தில் கேட்கவேண்டும்.

இவற்றில் முதல் மூன்றுக்குப் புதிய சட்டம் தேவையில்லை. பெரிய நிதியும் தேவையில்லை. திட்டம் இருக்கிறது என்று அறிவிப்பதோடு அரசின் பொறுப்பு முடிவதாக எண்ணும் பழக்கத்தைக் கைவிடவேண்டும். ஆடிக் கிருத்திகைக்கு மூன்று வாரங்கள் முன் ஒரு பூக்கடைக்காரருக்கு நியாய வட்டியில் 20,000 ரூபாய் கிடைக்கிறதா என்பதை ஒவ்வோர் ஆண்டும் மாவட்ட வங்கியாளர் கூட்டம் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளட்டும். சிறுதொழில் கொள்கை வெற்றி பெற்றதா என்பதற்கு அந்த ஒரு கேள்வியின் விடை, வழங்கப்பட்ட கோடிகளின் பட்டியலைவிட நேர்மையான சான்றாக இருக்கும்.